ஒரு லீட்டர் யோகட் மெஷின்: கொழும்புச் சூட்டில் எப்படி வேலை செய்கிறது?

கொழும்பில் தயிர் உறைவதற்கு மெஷின் தேவையில்லை. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு தேக்கரண்டி பழைய தயிரைக் கலந்து இரவு மூடி வைத்தால் விடியும்போது உறைந்திருக்கும். இங்கே மூடிய குசினியின் வெப்பம் இரவிலும் 26, 27 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது குறைவு. ஆகவே சோற்றுக்கும் மோருக்கும் மட்டும் தயிர் வேண்டும் என்பவர்கள் இந்த மெஷினுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சட்டியே போதும், அதுவே நல்லதும்கூட.

மெஷின் செய்து தருவது யோகட். அதை உறைய வைப்பவை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபசிலஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டு பக்டீரியாக்கள். இரண்டும் 40 முதல் 45 பாகை வரையில்தான் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். அறைச் சூட்டில் உறையும் வீட்டுத் தயிரிலோ 30 பாகையை விரும்பும் வேறு பக்டீரியாக்களின் கை ஓங்கிவிடும். அதனால்தான் வீட்டுத் தயிரின் புளிப்பும் மணமும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன, மழை நாளில் ஒரு மாதிரியும் வெயில் நாளில் இன்னொரு மாதிரியும் வருகின்றன. கடைக் கப்பில் கிடைக்கும் அந்த மெல்லிய புளிப்பையும் கரண்டியால் வெட்டி எடுக்கும் இறுக்கத்தையும் சீனியோ ஜெலட்டினோ இல்லாமல், லீட்டர் கணக்கில் வீட்டிலேயே எடுக்க நினைப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். அவர்களுக்கு இது நல்ல சாமான். ஒரேயொரு பெரிய குறை உண்டு. அது கொழும்பில்தான் அதிகமாகத் தெரியும்.

இங்கே பார்ப்பது கடைகளில் அதிகமாகக் கிடைக்கும் மலிவு வகையை. பிளாஸ்டிக் உடம்பு, அதற்குள் இறங்கும் ஒரு லீட்டர் சில்வர் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு உள்மூடி, மேலே தெளிவான பிளாஸ்டிக் வெளிமூடி, ஒரு சிறிய சிவப்பு லைட். அடியில் 15 முதல் 20 வாட்ஸ் வரையான ஹீட்டர். டைமர் இல்லை, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லை. பிளக்கைச் செருகினால் சூடாகும், கழற்றினால் ஆறும்.

இவ்வளவு எளிமையாக இருப்பது நல்லதுதான். பழுதாகிப் போக அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வகை மெஷின் பாலின் வெப்பத்தை அளந்து பார்ப்பதில்லை. சிறிய ஹீட்டர் ஒரே அளவாகச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும், அந்தச் சூடு வெளிமூடி வழியாகவும் உடம்பு வழியாகவும் கசிந்துகொண்டிருக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் பால் நிற்கும். அதாவது பால் எத்தனை பாகையில் நிற்கும் என்பது குசினி எத்தனை பாகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 22 பாகைக் குசினியில் 42இல் நிற்கும் மெஷின் 31 பாகைக் குசினியில் 50ஐ நெருங்கிவிடும். 50இல் யோகட் பக்டீரியாக்கள் தளர்ந்துவிடும். பால் ஒழுங்காக உறையாது, அல்லது அடியில் ரவை ரவையாகத் திரிந்து மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். கையேட்டில் 8 முதல் 12 மணித்தியாலம் என்று போட்டிருப்பது குளிர்நாட்டுக் குசினிக்கான கணக்கு. ஏப்ரல் மாதப் பகலில், காற்றோட்டம் இல்லாத ஃபிளட் குசினியில் அதை அப்படியே பின்பற்றினால் புளிப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும்.

பால் ஊற்றுமுன் தண்ணீரில் சோதனை

ஆகவே வாங்கிவந்த அன்றே பாலை ஊற்றாதீர்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் ஊசி போன்ற முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும். அதில் ஒன்றை வாங்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் முனையை வைத்தால் 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் இந்தச் சோதனை இங்கே சரியாக வரும். இரண்டு பாகை கூட்டிக் காட்டினால் அதைக் கழித்தும், குறைத்துக் காட்டினால் கூட்டியும் கணக்கிடலாம்.

பிறகு கிண்ணத்தில் 900 மில்லிலீட்டர் தண்ணீரை 43 பாகைக்குச் சூடாக்கி ஊற்றி, இரண்டு மூடிகளையும் போட்டு மெஷினை ஓடவிடுங்கள். 2 மணித்தியாலம், 4 மணித்தியாலம், 6 மணித்தியாலம் கழித்து நடுவிலும் அடியிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். யோகட் வைக்கப்போகும் நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். இரவில் வைப்பவர் பகலில் அளந்து பயனில்லை. ஏசி போடும் அறையில் வைப்பதாக இருந்தால் ஏசி ஓடும்போதே அளவுங்கள்.

6 மணித்தியாலமும் 41க்கும் 44க்கும் இடையில் நின்றால் உங்கள் மெஷினும் உங்கள் குசினியும் பொருந்திவிட்டன, வேறொன்றும் செய்ய வேண்டாம். 46 வரை ஏறினால் நேரத்தைக் குறைத்தால் போதும். 47ஐத் தாண்டினால் திருத்தம் வேண்டும். முதலில் உள்மூடியை அப்படியே விட்டு, வெளிமூடியை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே 2, 3 பாகையைக் குறைத்துவிடும். அடி மட்டும் சுடுகிறது என்றால் சிலிகன் பாயில் ஒரு வளையம் வெட்டிக் கிண்ணத்துக்கு அடியில் போடலாம். ஹீட்டரும் கிண்ணமும் நேராக ஒட்டாமல் ஓர் இடைவெளி வந்தால் சூடு சுற்றிலும் பரவும். இதற்கும் அடங்காவிட்டால் 15 நிமிடக் கணக்கில் ஊசிகளைத் தள்ளிவைக்கும் டைமர் பிளக் ஒன்றைப் போட்டு, அரை மணித்தியாலம் ஓட்டம், கால் மணித்தியாலம் ஓய்வு என்று வையுங்கள். ஒரு லீட்டர் பால் கால் மணித்தியாலத்தில் அதிகம் ஆறிவிடாது. ஃபேன் ரெகுலேட்டரையோ லைட் டிமரையோ இடையில் பொருத்த வேண்டாம். அவை இந்த வேலைக்கானவை அல்ல.

சில மெஷின்களின் கையேடு, உடம்புக்கும் கிண்ணத்துக்கும் இடையில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லும். சூடு எல்லாப் பக்கமும் சீராகப் போவதற்கு அது நல்ல வழி. கையேட்டில் சொல்லாத மெஷினில் ஒருபோதும் ஊற்றக்கூடாது. ஹீட்டரும் வயரும் தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்பது வெளியே தெரியாது.

பால்

மெஷினைவிட யோகட்டைத் தீர்மானிப்பது பால். ஹைலண்ட், கொத்மலை, அம்பேவெல, பெல்வத்த என்று எந்தப் பெயராக இருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முழு ஆடைப் பாலா, எந்த முறையில் பதப்படுத்தியது? பிரிட்ஜில் வைத்து விற்கும் பாஸ்டரைஸ் செய்த பால் யோகட்டுக்கு முதல் தெரிவு. பிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் பெட்டிப் பால் 135 பாகைக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கப்பட்டது. அதிலும் யோகட் வரும், ஆனால் உறைவு கொஞ்சம் இளகலாக இருக்கும். ஆடை நீக்கிய பாலில் செய்த யோகட் அதிகமாகத் தண்ணீர் விடும்.

பசும்பாலில் தண்ணீர் போக மிச்சமுள்ள திண்மம் 12, 13 வீதம். கரண்டியில் நிற்கும் யோகட்டுக்கு இது 14, 15 வீதமாக இருந்தால் நல்லது. ஆகவே 900 மில்லிலீட்டர் பாலுக்கு 25 கிராம் பால்மா சேருங்கள். மட்டமாக அள்ளினால் 3 மேசைக்கரண்டி. இதற்கு மேலே போனால் வாயில் மாவு மாவாகத் தட்டும்.

முழுக்கப் பால்மாவிலேயே செய்வதும் கொழும்பில் வழக்கம். அதற்கு 800 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 130 கிராம் முழு ஆடைப் பால்மா வேண்டும். 400 கிராம் பக்கெட்டில் மூன்று தடவை செய்து 10 கிராம் மிஞ்சும். கொதித்து 50 பாகைக்கு ஆறிய தண்ணீரில் பால்மாவைத் தூவி, கட்டி விழாமல் அடித்து, 20 நிமிடம் சும்மா விடுங்கள். தூள் முழுதாகத் தண்ணீரைக் குடித்தால்தான் பிறகு மணல் மாதிரி நெருடாது. பக்கெட்டை வாங்கும்போது உட்பொருட்களைப் படியுங்கள். தேநீருக்கென்று விற்கும் சில தூள்களில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். அவற்றில் யோகட்டின் சுவையும் வராது, இறுக்கமும் வராது.

அடுத்தது காய்ச்சுவது. கொதி வந்தவுடன் அடுப்பை நிறுத்துவதுதான் அதிகமான வீடுகளில் நடக்கும் வேலை. பாலை 85 முதல் 90 பாகை வரையில் 10 நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஓரங்களில் சிறு குமிழி வந்து ஆவி பறக்கும் நிலை அது. காஸ் அடுப்பை மிகக் குறைத்து, மரக்கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். பாலில் கேசீன் என்ற புரதத்தோடு மோர்ப் புரதங்களும் உள்ளன. இந்தச் சூட்டில் மோர்ப் புரதங்கள் விரிந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு புளிப்பு ஏறும்போது அந்த வலை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 70 பாகையில் இறக்கிய பாலில் இந்த ஒட்டுதல் போதுமான அளவு நடக்காது. தண்ணீர் விட்டது, மெஷின் சரியில்லை என்று முறையிடுபவர்களில் பலர் இந்த 10 நிமிடம் காய்ச்சாமல் விட்டவர்கள். பெட்டிப் பாலுக்கு மட்டும் இது தேவையில்லை, ஏற்கெனவே நடந்துவிட்டது. அதை நேரே 43 பாகைக்குச் சூடாக்கினால் போதும்.

உறை

முதல் தடவைக்குக் கடையில் வாங்கும் 80 கிராம் வெறும் யோகட் கப் ஒன்று போதும். பழம் சேர்த்ததோ நிறமூட்டியதோ வேண்டாம். அலமாரியில் இருப்பவற்றில் மிகப் புதிய திகதி உள்ளதை எடுங்கள். நாள் ஆக ஆக உயிரோடு இருக்கும் பக்டீரியா குறையும். சட்டியில் வரும் எருமைத் தயிரை உறையாகப் போடுபவர்கள் உண்டு. உண்பதற்கு அதற்கு நிகர் இல்லை, ஆனால் அதில் என்ன பக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்பது சட்டிக்குச் சட்டி மாறும். 43 பாகையில் அது ஒருநாள் உறையும், இன்னொருநாள் நூல் நூலாக இழுபடும்.

900 மில்லிலீட்டருக்கு 30 கிராம், அதாவது 2 மேசைக்கரண்டி. கூடப் போட்டால் நன்றாக உறையும் என்று நினைப்பது தவறு. கூடினால் புளிப்பு மிக வேகமாக ஏறி, வலை நெருக்கமாகப் பின்னப்படுமுன் கட்டியாகிவிடும். விளைவு ரவை ரவையான யோகட். மிஞ்சும் 50 கிராமை ஐஸ் தட்டில் போட்டு உறைய வைத்து 2, 3 வாரத்துக்குள் பயன்படுத்தலாம். உறைந்த கட்டியை முதல்நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விட வேண்டும்.

உங்கள் யோகட்டிலிருந்தே அடுத்த தடவைக்கு உறை எடுக்கலாம். முதல் கரண்டி எடுக்குமுன்பே, சுத்தமான சிறு போத்தலில் தனியாக எடுத்து மூடி வையுங்கள். எல்லோரும் கரண்டி விட்ட கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதை உறையாக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இப்படி 5, 6 தடவை போனபின் புளிப்பு கூடவும் உறைய நேரம் எடுக்கவும் தொடங்கும். இரண்டு பக்டீரியாக்களின் விகிதம் குலைந்து, வெளியிலிருந்து வந்தவையும் சேர்ந்துவிட்டன என்பதற்கான அடையாளம் அது. அப்போது புதிய கப் ஒன்றில் தொடங்குங்கள்.

மெஷினில் வைப்பது

காய்ச்சிய பாலைப் பாத்திரத்தோடு தண்ணீர் நிறைத்த சிங்க்கில் இறக்கி, இடையிடையே கலக்கினால் சீக்கிரம் ஆறும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் குளிராக இருக்காது, ஆகவே ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும். 44 பாகை காட்டும்போது வெளியே எடுங்கள். மேலே படர்ந்த ஆடையை எடுத்துவிடலாம், அல்லது வடிகட்டலாம். விட்டுவிட்டால் யோகட்டின் மேல் தோல் மாதிரி நிற்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

சில்வர் கிண்ணத்தையும் உள்மூடியையும் கரண்டியையும் கொதிதண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். உறையை ஒரு கோப்பையில் போட்டு, ஆறிய பாலில் 4, 5 கரண்டி விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, அதைப் பாலில் ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். நுரை வரும்படி அடிக்க வேண்டாம், குமிழிகள் அப்படியே உறைந்து மேற்பரப்பு ஓட்டை ஓட்டையாக நிற்கும். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. வெளிமூடியின் உட்புறத்தில் ஆவி படிந்து சொட்டும், ஆகவே உள்மூடியைப் போட மறக்காதீர்கள்.

பிறகு தொடவே வேண்டாம். மெஷினை பிரிட்ஜின் மேலே வைப்பது பலருடைய பழக்கம். அந்த அதிர்வு உறைவைக் குலைக்கும். அலுமாரித் தட்டு, சாப்பாட்டு மேசை என்று அசையாத இடம் பாருங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது, ஃபேனுக்கு நேர் கீழும் கூடாது.

43 பாகையில் நிற்கும் மெஷினில் சாதாரண கொழும்புக் குசினியில் 5 முதல் 6 மணித்தியாலம், ஏசி அறையில் 7 வரை போகலாம். 5 மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்து கிண்ணத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முழுதும் ஒரே துண்டாக, வட்டிலப்பம் மாதிரி ஆடி, ஓரத்தை விட்டு விலகினால் ஆகிவிட்டது. நடு இன்னும் பாலாக ஓடினால் மூடி, அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். உறைந்தபின்னும் மெஷினிலேயே விட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். புளிப்பு விரும்புபவர்கள் ஒரு மணித்தியாலம் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு வைத்து விடிய 7 மணிக்கு எடுப்பது இந்த ஊருக்குச் சரிவராது. பின்னேரம் 4 மணிக்கு வைத்தால் படுக்கைக்குப் போகுமுன் பிரிட்ஜில் வைத்துவிடலாம்.

பிளக்கைக் கழற்றி, கிண்ணத்தை வெளியே எடுத்து, 20, 30 நிமிடம் ஆறவிட்டு பிரிட்ஜில் வையுங்கள். குறைந்தது 6 மணித்தியாலம் அங்கே இருக்க வேண்டும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டில் யோகட் இளகலாகத்தான் தெரியும், பிரிட்ஜில்தான் அது இறுகும். சூட்டோடு கரண்டி விட்டுப் பார்த்துவிட்டு உறையவில்லை என்று திரும்பவும் மெஷினில் வைப்பது யோகட்டைக் கெடுக்கும் வழி.

பிழைத்தால் எங்கே பார்ப்பது

8 மணித்தியாலம் கழிந்தும் பாலாகவே இருந்தால் முதல் சந்தேகம் உறை கலந்த வெப்பத்தில். 50க்கு மேல் இருந்த பாலில் கலந்தால் உறை சரியாக வேலை செய்யாது, 55ஐத் தாண்டினால் பெரும்பகுதி செத்துவிடும். இரண்டாவது, பழைய உறை. மூன்றாவது காரணம் தெருவில் நேராக வாங்கும் பசும்பாலில் அடிக்கடி வருவது. மாட்டுக்கு நோய்க்காக அன்டிபயோட்டிக் கொடுத்த நாட்களில் கறந்த பால் உறையவே உறையாது. அந்த மருந்து யோகட் பக்டீரியாவையும் கொல்லும். வேறு பாலில் அதே உறையைப் போட்டுப் பார்த்தால் குற்றம் எங்கே என்பது தெரிந்துவிடும்.

மேலே ஒன்றிரண்டு கரண்டி மஞ்சள் தண்ணீர் நிற்பது குறை அல்ல, ஜெலட்டின் இல்லாத எல்லா யோகட்டும் வெட்டிய இடத்தில் தண்ணீர் விடும். கிண்ணத்தின் கால்வாசி தண்ணீர் என்றால் சூடு கூடியது அல்லது நேரம் கூடியது. அடி மட்டும் திரிந்து மேல் பகுதி நன்றாக இருந்தால் ஹீட்டர் அடியைச் சுடுகிறது, சிலிகன் வளையத்தைப் போடுங்கள். நூல் மாதிரி இழுபட்டால் வெப்பம் போதவில்லை, ஏசி அறையில் இது வரும். நுரையும் குமிழியும் வந்து ஈஸ்ட் மணம் அடித்தாலோ, சிவப்பு, பச்சைப் புள்ளிகள் தெரிந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. அந்த யோகட்டில் உறையும் எடுக்கக் கூடாது.

சைவ வீடுகளுக்கு இந்த மெஷினைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணம் இருக்கிறது. கப்பில் வரும் யோகட்டின் உட்பொருட்களை வாசித்தால் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது மிருகத் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விரத நாளில் யோகட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு லேபிளைப் பார்த்துச் சங்கடப்படுபவர்கள் பலர். பால்மா சேர்த்து 10 நிமிடம் காய்ச்சிய பாலுக்கு ஜெலட்டினே வேண்டாம். முதல் உறைக்கு மட்டும் ஜெலட்டின் இல்லாத கப்பைத் தேடுங்கள், அல்லது உலர்ந்த கல்ச்சர் தூள் (யோகட் பக்டீரியாவை உலர்த்திய தூள்) வாங்குங்கள். தூளின் அளவை அதன் பக்கெட்டில் உள்ளபடியே எடுக்க வேண்டும், மீதியை பிரீசரில் வைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இனிப்பு யோகட் வேண்டுமென்றால் 900 மில்லிலீட்டருக்கு 50 கிராம் சீனியைக் காய்ச்சும்போதே கரைத்துவிடுங்கள். 100 கிராமுக்கு மேலே போனால் பக்டீரியாவின் வேலை மந்தமாகும், உறைய நேரம் எடுக்கும். பழத்தை ஒருபோதும் உறையுமுன் போட வேண்டாம், அதன் புளிப்பு பாலைத் திரிக்கும். கித்துள் பாணி என்றால் பரிமாறும்போது மேலே ஊற்றுவதுதான் முறை.

இன்னும் தடிப்பாக வேண்டுமா? குளிர்ந்த யோகட்டை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, பிரிட்ஜிலேயே 4 மணித்தியாலம் வடியவிடுங்கள். அளவு ஏறக்குறைய பாதியாகும். வடிந்த தண்ணீரில் ரொட்டிக்கு மா குழைக்கலாம், மென்மையாக வரும்.

மின்சாரச் செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 15 வாட்ஸ் மெஷின் 6 மணித்தியாலம் ஓடினால் 0.09 யூனிட். 11 தடவை செய்தால்தான் ஒரு யூனிட் ஆகும். இடையில் கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் தடித்த துவாயால் மெஷினைச் சுற்றிவிடுங்கள். முதல் 3 மணித்தியாலம் தாண்டியிருந்தால் பெரும்பாலும் தானாகவே உறைந்துவிடும், நேரம்தான் கொஞ்சம் கூடும்.

மெஷின் இல்லாமல் பிளாஸ்கில் செய்யலாம் என்பதும் உண்மைதான். நல்ல அகலவாய் பிளாஸ்கில் 44 பாகைப் பாலும் உறையும் ஊற்றினால் யோகட் வரும். ஆனால் அதை உடையாமல் வெளியே எடுக்க முடியாது, கழுவுவதும் பாடு. ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலையில் வைக்க வேண்டாம், அது 60 பாகைக்கு மேலே போய் உறையைக் கொன்றுவிடும். சிறு கண்ணாடிக் கோப்பைகள் உள்ள மெஷின் பார்வைக்கு அழகு. கோப்பை ஒன்று உடைந்தால் அதே அளவில் மாற்றுக் கோப்பை கிடைப்பது கடினம், ஒரு லீட்டர் கிண்ணமே நீடிக்கும். காசு கொஞ்சம் கூடக் கொடுக்க முடியுமானால், பாகையை எண்ணில் காட்டி நாமே அமைக்கக்கூடிய, நேரம் முடிந்ததும் தானாக நிற்கும் மெஷினை எடுங்கள். நமது காலநிலைக்கு அந்தக் கூடுதல் காசு தகும். மேலே சொன்ன திருத்தங்களில் பாதி அதற்குத் தேவைப்படாது.

கழுவும்போது உடம்பைக் குழாய்க்கடியில் பிடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். உள்மூடியின் றப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும், பழைய பால் அதன் அடியில்தான் தங்கும். கிண்ணத்தில் வெள்ளைப் படலம் படிந்தால் வினாகிரி கலந்த சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் போய்விடும். இரும்புச் சுருளால் தேய்க்க வேண்டாம், கீறலில் கிருமி தங்கும்.

வாங்கப் போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடைகளையும், காலி வீதியில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கத்துக் கடைகளையும் பார்க்கலாம். ஒரே உருவ மெஷின் வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலைக்கு இருக்கும், ஆகவே இரண்டு கடையிலாவது கேளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 220 முதல் 240 வோல்ட் என்று இருக்க வேண்டும். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த மெஷின் 120 வோல்டுக்கானது. அதை நமது 230 வோல்டில் செருகினால் ஹீட்டருக்கு மூன்றரை மடங்குக்கும் கூடுதலான மின் பாய்ந்து எரிந்துவிடும், பிளக் அடாப்டர் அதை மாற்றாது. பல மெஷின்கள் இரண்டு தட்டைக் கம்பிப் பிளக்கோடு வருகின்றன. அது தளர்வான மல்டிபிளக்கில் ஆடிக்கொண்டு 6 மணித்தியாலம் கிடப்பது ஆபத்து. உங்கள் சுவரில் இருப்பது உருண்டைக் கம்பி பிளக்பேஸா, சதுரக் கம்பி பிளக்பேஸா என்று பார்த்து, இறுக்கமாகப் பொருந்தும் நல்ல அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சில்வர் கிண்ணத்தின் விளிம்பு கையை வெட்டாமல் மடித்திருக்கிறதா, உள்மூடி முழுதாக இறங்குகிறதா, றப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். 10 நிமிடம் செருகிவைத்து அடியைத் தொட்டால் ஒரே சீராக இளஞ்சூடு வர வேண்டும், பிளாஸ்டிக் எரியும் மணம் வரக்கூடாது. பில்லில் மெஷினின் மாடல் இலக்கத்தையும் உத்தரவாத காலத்தையும் கையால் எழுதி வாங்குங்கள். தண்ணீர்ச் சோதனையை அந்த வாரத்துக்குள்ளேயே செய்துவிட்டால், 50ஐத் தாண்டும் மெஷினைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்து மாற்றுவது சுலபம்.